எங்காத்து வில்லை

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் குஜராத்தி, கொங்கணி, கச்சி, தமிழ் என்று எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள். வந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் வந்த ஊரை ஒருவரும் மறக்கவில்லை. அப்படியிருக்க, நாலாம் வகுப்பு டீச்சர், அவரவர் வீட்டுக்கே உரிய ஒரு சாமானைக் கொண்டுவரச் சொன்னார். போர் மூட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

நான் சேவை நாழியைத் தேர்ந்தெடுத்தேன். வெந்த அரிசி உருண்டையைக் குழலில் போட்டு மேலே பிடியைத் திருகினால், அடியிலிருக்கும் துளை வில்லை வழியாகச் சேவை இறங்கும். அதற்கு மூன்று கால், எனக்கு இரண்டு. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது யார் யாரைத் தூக்கி வந்தது என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம்.

அம்மா வாசல்வரை வந்து எச்சரித்தாள். "பத்திரமா கொண்டு வரணும். நாளைக்குப் பாலக்காட்லேந்து அத்தை வரா, கேட்டியா?"

அப்பாவின் அக்காவான அந்த அத்தைக்கு, கொச்சியில் இருக்கும் நாங்கள் பாதி மலையாளியாகிவிட்டோம் என்று ஒரு தீர்மானம். எங்கள் சாம்பாரை முகர்ந்து பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். சேவை ஒன்றில்தான் அம்மா இதுவரை தோற்றதில்லை.

வகுப்பில் நான் நெஞ்சை நிமிர்த்தி, "இது தமிழாளோட வீட்ல மட்டும்தான் இருக்கும்" என்று அறிவித்தேன். அடுத்ததாக எழுந்த கொங்கணிப் பெண் மேஜைமேல் வைத்தது அதே மூன்று கால், அதே குழல், அதே திருகு.

"இது ஞங்களுடேயாணு!" என்று மலையாளத்தில் உரிமை கொண்டாடினாள் அவள்.

"நீ எங்களைப் பார்த்துப் பண்ணினது!" என்றேன் நான்.

வித்தியாசத்தை நிரூபிக்க இருவரும் இரண்டையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினோம். வித்தியாசம் கிடைப்பதற்குள் மணி அடித்துவிட்டது. கையில் கிடைத்ததைக் கிடைத்ததில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம்.

மறுநாள் அத்தை கூடத்தில் இலைமுன் உட்கார்ந்துவிட்டாள். அம்மா பிடியைத் திருகினாள். எங்கள் வீட்டில் நூல்போல இறங்கும் சேவை, அன்று தாம்புக்கயிறுபோல இறங்கியது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் மேலே உத்தரத்தைப் பார்த்தேன்.

"எங்கே மாத்தினியோ, அங்கே போய் வாங்கிண்டு வா. சாடு, ஓடு!"

அடுத்த தெருவில் அந்தக் கொங்கணிப் பெண்ணின் வீட்டுக்குப் பறந்தேன். அங்கே எங்கள் வில்லை வழியாக இறங்கிய மெல்லிய சேவையை, பல்லில்லாத தாத்தா ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இவிடே இருக்கட்டே மோனே. அப்பூப்பன் இன்னாணு வயறு நிறைச்சு கழிக்குந்நது."

தாத்தா இன்றுதான் வயிறு நிறையச் சாப்பிடுகிறாராம், வில்லை அங்கேயே இருக்கட்டுமாம். வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டில் தீர்ப்பு முடிந்திருக்கும், அம்மா அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துப் பின்வாசல் வழியாக நுழைந்தேன். அத்தை புளிக்காய்ச்சலில் புரட்டிய அந்தக் கயிற்றை மூன்றாம் முறையாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதாக்கும் சேவை! புளியை நன்னாப் பிடிச்சுக்கறது. ஏதுடி இந்த வில்லை? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன்."

அம்மா என் வெறும் கையை ஒருமுறை பார்த்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத குரலில் சொன்னாள்:

"கடையில கெடைக்காது அக்கா. இது எங்காத்து வில்லை."

இன்று அந்த நாழி, அதே கொங்கணி வில்லையோடு, கொச்சி வைட்டிலாவில் என் பிளாட்டில் நிற்கிறது. விருந்தாளிகளிடம் நானும் நெஞ்சை நிமிர்த்தி அதையேதான் சொல்கிறேன். இப்போது முன்னால் நிமிர்வது வயிறு. அன்றைக்கோ, அம்மா கூசாமல் பொய் சொல்கிறாளே என்று மறுபடியும் உத்தரத்தைப் பார்த்தேன். அவள் உண்மையைத்தான் சொன்னாள் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.