குச்சவெளிக்குப் போன பாதிக் கதை

“விலைபோன மனுசன்ட வீட்டுக் கூரையா ராத்தா இது? மழை வந்தா நாங்க சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுறத்த நீங்க வேலிக்கால பார்க்கிறல்லையா?”

மீனில் செதில் உரசிக்கொண்டே ஸல்ஹா கேட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பரீனா ராத்தாவுக்கு ஊர்க்கதையெல்லாம் விடிகாலை சுபஹு வாங்குக்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். அன்று வந்த கதை, ஸல்ஹாவின் புருஷன் ஒலிபெருக்கிக்கார ஸெய்னுதீன், தேர்தலில் நிற்கிற அருளம்பலத்துக்கு விலைபோய்விட்டார் என்பது.

“நான் சொல்லேல்ல பிள்ள. துறையடியில கதைக்கிறாங்க.”

“விலைபோறவன் ஒரு சொல்லில முடிப்பான் ராத்தா. என்ட மனுசனுக்கு அது ஏலாது எண்டு உங்களுக்குத் தெரியாதா?”

பரீனா ராத்தாவுக்கும் தெரியும்தான். கிண்ணியா முழுவதற்கும் தெரியும்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது கழித்து விற்ற சாமானில் ஸெய்னுதீன் இரண்டு ஒலிபெருக்கிக் குழாயும் சத்தம் கூட்டிக் குறைக்கிற ஒரு பெட்டியும் ஒரு மைக்கும் எடுத்தார். அன்றிலிருந்து கல்யாணம், கந்தூரி, கோயில் திருவிழா, எல்லாக் கட்சிக் கூட்டமும் அவருடைய குழாயில்தான். கட்சிகளுக்குள் ஆயிரம் பகை. தொண்டை மட்டும் ஒன்று.

கூட்டம் நடக்கும்போது மேடைக்குப் பின்னால் குந்தியிருப்பார். ஒரு விரல் பெட்டியின் குமிழில், கண் பேசுகிறவரின் வாயில். தலைவர்மார் உறுமும்போது சத்தத்தைக் குறைப்பார். முனகும்போது கூட்டிக் கொடுப்பார். சனம் கைதட்டும். அவர் தட்டமாட்டார்; விரலை எடுத்தால் குழாய் கீச்சென்று கூவிவிடும். தட்டாத மனுசனுக்குக் கேட்க நேரம் இருந்தது. யார் எந்த ஊரில் எதைப் பேசினார், எந்த ஊரில் அதையே விழுங்கினார் என்பதெல்லாம் எழுத்தறியாத அந்தத் தலைக்குள் ஒரு சொல் சிந்தாமல் கிடந்தது. “அவர் அதைப் பற்றி மூச்சே விடேல்ல”, “விட்டவர்” என்று எங்கே சண்டை வந்தாலும் வழக்கு அவரிடம்தான் வந்து நிற்கும்.

வந்தவர்கள் பாவம். பேசினாரா இல்லையா என்று கேட்டால், “பின்னேரம் நாலு மணிக்குக் குழாயைக் கட்டினனான்” என்று தொடங்குவார். எந்தத் தென்னையில் கட்டினார், வரவேற்புரை சொன்னவர் எத்தனை தரம் இருமினார், சோடா யாருக்கு முதலில் கொடுத்தார்கள், எல்லாம் முடிந்த பிறகுதான் தலைவர் எழும்புவார். நடுவில் மறித்தால் மறுபடியும் நாலு மணி. கடையில் உப்பு வந்ததா என்று கேட்கக்கூட ஸல்ஹா இரண்டு தரம் யோசிப்பாள்.

அந்த ஆண்டு குச்சவெளிக்காரருக்கு ஒரே கவலை. பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் கரைவலை இழுத்த கரையில், வெளியூர் முதலாளிமாரின் வள்ளங்கள் ஏறி நின்றன. அருளம்பலம் திருகோணமலை டவுனில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று எதிராளிகள் நோட்டீஸ் அடித்தார்கள். வாய் கிழியப் பேசினார் என்று அவருடைய ஆட்கள் அடித்தார்கள். இரண்டும் ஒரே அச்சுக்கூடம், ஒரே மை. அச்சுக்கூடக்காரன் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் நல்லவன். குச்சவெளி மீனவர் குணரத்தினம் இரண்டு நோட்டீசையும் மடியில் செருகிக்கொண்டு கிண்ணியாத் துறையடிக்கே வந்துவிட்டார்.

“நானா, எங்கட கரையைப் பற்றி டவுனில அவர் பேசினவரோ, இல்லையோ? உங்கட வாயால கேட்டாத்தான் எங்கட சனம் நம்பும். அதை வச்சுத்தான் வோட்டு.”

ஸெய்னுதீன் கடற்கரைக் கூட்டத்திலிருந்து தொடங்கினார். தென்னை, இருமல், சோடா. அக்கரைக்கு ஆளேற்றிப் போகும் பாதைப்படகு நிரம்பிக்கொண்டிருந்தது. “கரை குச்சவெளியாற்ற கரைதான் எண்டு மூண்டு தரம் சொன்னார் தம்பி. அது முதல் கூட்டம். பிறகு ஓர்ஸ் ஹில்லில—”

“பேசினவர்தானே? அது காணும் நானா!” குணரத்தினம் பாய்ந்து படகில் ஏறிவிட்டார்.

மிச்சத்தைக் கேட்டது சோறு போட்ட ஸல்ஹா மட்டும். டவுனிலேயே பணக்காரர் பக்கமான ஓர்ஸ் ஹில்லில் நடந்த இரண்டாம் கூட்டத்தில், முன்வரிசைக் கதிரைகளில் அந்த வள்ள முதலாளிமார் இருந்தார்கள். பின்னாலிருந்து யாரோ “குச்சவெளிக் கரையைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று கத்த, அருளம்பலம் உள்ளங்கையால் மைக்கைப் பொத்தினார். குனிந்து முன்வரிசைக்கு ஏதோ சொன்னார். முன்வரிசை சிரித்தது. கையை எடுத்தபோது பேச்சு ரோட்டுக்குத் தார் போடுவதில் நின்றது. அதற்குப் பிறகு ஆறு கூட்டம். கரை என்ற சொல்லே குழாயில் வரவில்லை.

பாதிக் கதைக்குக் கால் முளைத்தது. “ஸெய்னுதீன் நானாவே சொல்லிவிட்டார்” என்று புது நோட்டீஸ் வந்தது. அதைப் பார்த்துத்தான் துறையடியில் அவர் விலைபோன கதையும் கிளம்பியது. குச்சவெளியில் அருளம்பலத்துக்கு வரவேற்பு வளைவு கட்டத் தொடங்கினார்கள். அங்கே நடக்கவிருந்த கடைசிக் கூட்டத்துக்கு முதல் நாள், அவருடைய ஆள் யோகலிங்கம் காரில் வந்து இறங்கினார்.

“நானா, நாளைக்கு மேடையில ஏறி ஒரு சொல் சொல்லவேணும். பேசினவர் எண்டு. பொய்யில்லைத்தானே?”

“பொய்யில்ல தம்பி. ஆனா அதுக்குப் பிறகு—”

“பிறகெல்லாம் சனத்துக்கு ஏன்? ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் பெர்மிட் வேணுமெல்லோ. ஐயா வெண்டா அது சுகமா வரும்.” வெல்லாவிட்டாலும் வராமல் செய்யத் தெரியும் என்பதை அவர் சிரிப்பால் சொன்னார்.

கார் போனதும் ஸல்ஹா குசினியிலிருந்து வந்தாள். பெர்மிட் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

“பாதியோட நீங்க நிண்டா, அந்தாள் கையால பொத்தினத்த நீங்க வாயால பொத்தினமாதிரி.”

“பெர்மிட்?”

“அதக் கேட்டா உங்களுக்குச் சோறு போட்டனான்?”

மறுநாள் காலையில் கார் வந்தது. ஸெய்னுதீன் பெட்டியையும் குழாய்களையும் துடைத்துத் தானே ஏற்றினார். யோகலிங்கம் மரியாதையாக முன்கதவைத் திறந்து பிடித்தார்.

“ஏறுங்கோ நானா.”

“சாமான் வரட்டும் தம்பி. நான் அக்கரையில பஸ் பிடிச்சு முந்திப் போறன். குணரத்தினத்தாற்ற வீட்டில மிச்சக் கதை கொஞ்சம் கதைக்க இருக்கு.”

“கொஞ்சமோ?” யோகலிங்கத்தின் முகம் வெளுத்தது.

ஸெய்னுதீன் கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்தினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துறையடிக்குப் போகும் ஒழுங்கையில் இறங்கினார். ஒரு கார் மட்டும் போகக்கூடிய ஒழுங்கை. கார் பின்னால் வந்து ஹோன் அடித்தது; இன்னும் நெருங்கி அடித்தது. வேலியோரம் ஒதுங்காமல், நட்டநடுவே, அவர் தன் நடையில் போய்க்கொண்டிருந்தார்.