கைகாட்டாமல் நின்ற காலை

“முன்னுக்கு ஆர் கைகாட்டினது?”

கப்பலைத் துறைக்குள் கொண்டுவரும் பைலட் வோக்கிடோக்கியில் போட்ட சத்தத்தில் இறங்குதுறைக் காகங்கள்கூடக் கிளம்பிப் பறந்தன. கைகாட்டியது நான்தான். தூக்கிய கையை இறக்கவும் மறந்து, பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

துறைமுக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை விளக்கமாகச் சொல்லவேண்டும். கப்பல் அணையும்போது கரையில் இரண்டு கேங் நிற்கும். முன்பக்கக் கயிற்றை வாங்குவது என் கேங். பின்பக்கம் கிண்ணியா ரவூப்பின் கேங். கப்பலிலிருந்து முதலில் ஒரு மெல்லிய கயிற்றை எறிவார்கள். அதை இழுத்தால் பெரிய கயிறு வரும். அதன் வளையத்தைப் பொலாட் என்ற இரும்புக் குற்றியில் மாட்டிவிட்டுக் கையை உயர்த்தவேண்டும். அதைக் கண்டதும் கப்பல்காரன் வின்ச் என்ற சுற்றுப்பொறியை ஓட்டிக் கயிற்றை இறுக்குவான்.

பிந்துகிற கேங் மற்றதற்குப் பால் விடாத பிளேன்டீ வாங்கிக் கொடுக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் ஒருநாளும் வாங்கிக் கொடுத்ததில்லை. முந்தினால் மட்டும் எனக்குப் போதாது. வளையம் முறுகாமல் படியவேண்டும், எறிகயிறு அழகாகச் சுருண்டு கிடக்கவேண்டும். பின்கேங்காரர் எனக்கு வைத்த பட்டம் ‘முந்திரிக்கொட்டை’. வீட்டில் என் மனைவி மேரி காயப்போட்ட உடுப்புகளையும் நான் திரும்ப நேராக்கிப் போடுவேன். “கொடியிலயும் உங்களுக்கு முதலாம் பிள்ளையா வரவேணுமோ?” என்பாள் அவள்.

அன்று வந்தது கோதுமைக் கப்பல். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அதைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. பின்பக்கம் எறிந்த கயிறு தண்ணீரில் விழுந்துவிட்டது. ரவூப்பின் ஆட்கள் வெறுங்கையோடு நிற்கும்போதே நான் மாட்டிக் கைகாட்டிவிட்டேன். வின்ச் இறுக்கியது. கப்பலின் முன்பக்கம் என்னிடம் வந்தது, பின்பக்கம் கடலுக்குப் போனது.

“லூஸ் பண்ணச் சொல்லுங்கோ! பின்னுக்கு இன்னும் கயிறே போகேல்லை!” என்று பைலட் கத்தினார்.

டக் என்ற இழுவைப் படகு வந்து பின்பக்கத்தைத் தள்ள, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். அன்று ஒருவருக்கும் பிளேன்டீ இல்லை.

கொஞ்ச நாளில் எங்கள் போர்மன் ஓய்வுபெற்றார். அந்தப் பதவிக் கதிரை எனக்குத்தான் என்று கண்டவர் நிண்டவருக்கெல்லாம் சொல்லியிருந்தேன். புதுச் சப்பாத்தும் வாங்கிவிட்டேன். வேலை கிடைத்தது ரவூப்புக்கு. நெஞ்சு எரிந்தது. வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

“நீங்கள் கோவிக்கிறது ரவூப் அண்ணையோட. என்ர மீன்குழம்பு உங்களுக்கு என்ன செய்தது?” என்றாள் மேரி.

எழும்பிச் சாப்பிட்டேன். ஆனால் கயிற்று வேலையை விட்டு ஸ்டோர்ஸுக்கு மாற்றம் கேட்பதென்று முடிவெடுத்தேன். அங்கே முந்தவும் ஆளில்லை, பிந்தவும் ஆளில்லை. அடுத்த கப்பலே என் கடைசிக் கப்பல் என்று ரவூப்பிடமும் சொல்லிவிட்டேன்.

அந்தக் கப்பலுக்கும் அதே காற்று.

“சேவியர், கப்பல்ட பின்பக்கக் கட்டடத்திலதான் காத்து பிடிக்குது. பின்னை இறுக்கினாப் பொறகுதான் முன்னை இறுக்கச் சொல்றார் பைலட்” என்றார் ரவூப்.

“அப்ப நான் கயிறு மாட்டக்கூடாதோ?”

“மாட்டுங்க மச்சான். நான் சொல்ற வரைக்கும் கை மட்டும் கீழ இருக்கட்டும். பிளேன்டீ இனி ரெண்டு கேங்குக்கும் என்ட செலவு.”

வளையத்தை மாட்டினேன். என் கை தன்பாட்டில் மேலே போகப் பார்த்தது. காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். மேலேயிருந்து கப்பல்காரன் “ஓகே? ஓகே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கஷ்டமான வேலை அதுதான். பின்கேங் மாட்டியது, பின்கயிறு இறுகியது. “இப்ப முன்னுக்கு!” என்று ரவூப் கூப்பிட்டபிறகே கையைத் தூக்கினேன்.

வழக்கமாகக் கைகாட்டிய கையோடு பின்கேங்கைத்தான் திரும்பிப் பார்ப்பேன், பிந்திவிட்டார்களா என்று. அன்று அதில் பார்க்க ஒன்றுமில்லை, பிந்தியது நான். அதனால் கப்பலைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய இரும்பு, முன்னும் பின்னும் ஒன்றாக, சத்தமே இல்லாமல் வந்து கரையோடு ஒட்டியது. இத்தனை வருடம் கப்பல்களைக் கரையில் கட்டியிருக்கிறேன், ஒரு கப்பல் கரைசேர்வதை முழுதாகக் கண்டது அன்றுதான். சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. காற்றில் தூசி என்று சமாளித்தேன்.

பிள்ளைகளே, வேலையைத் திறமாகச் செய்யுங்கள், அதை விடச் சொல்லவில்லை. முதலாவதாகத்தான் முடிக்கவேண்டும் என்பதை மட்டும் இடைக்கிடை விட்டுப் பாருங்கள். நாம் செய்கிற வேலை எவ்வளவு வடிவானது என்று அப்போதுதான் தெரிகிறது.

ரவூப் பக்கத்தில் வந்து நின்றார். “அப்ப, நாளைக்கு ஸ்டோர்ஸுக்குப் போறீங்களா?”

“நாளைக்கோ? ஏலாது,” என்றேன். “நாளைக்கு எத்தினை மணிக்குக் கப்பல்?”