பச்சைத் தண்ணீரும் ஒரு மெமோவும்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் உதவிப் பொறியாளராக வேலூருக்கு வந்தேன். ஆலைக் கழிவுகளைக் கண்காணிக்க அரசு புதிதாகத் திறந்த அலுவலகம் அது. நாற்காலிகள் வந்து சேருவதற்கு முன்பே புகார்கள் வந்துவிட்டன. பெரும்பாலும் பாலாற்றைப் பற்றி, கால்வாய்களைப் பற்றி. கழிவைப் பூமிக்குள்ளேயே இறக்கிவிடுகிறவர்களைப் பற்றி முதலில் புகார் சொன்னவர் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி.

கணவர் ஷூ கம்பெனியில் வேலை செய்தார். தென்னையும் கரும்புமாக இருந்த நிலத்தை இவர்தான் பார்த்துக்கொண்டார். கிணற்றுத் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்துக்கு மாறிவிட்டது, தென்னை ஓலை நுனியிலிருந்து கருகுகிறது என்றார். காரணமும் அவரே சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தோல் ஷாப்பு. தோல் பதனிடும் இடத்தை அங்கே ஷாப்பு என்றுதான் சொல்வார்கள். அதன் காம்பவுண்டுக்குள் பழைய பாசனக் கிணறு ஒன்று இருந்தது. தோல் ஊறிய தண்ணீரையெல்லாம் அதில்தான் விடுகிறார்கள்.

நான் அலைய ஆரம்பித்தேன். நிலத்தடி நீரைப் பார்க்கும் அலுவலகத்தில், நாங்கள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று மட்டும்தான் அளப்போம், அதில் என்ன இருக்கிறது என்பது எங்கள் வேலை இல்லை என்றார்கள். நகராட்சி, அது எங்கள் எல்லைக்கு வெளியே என்றது. பஞ்சாயத்தில் பட்டா நிலத்துக் கிணற்றை எப்படிக் கேட்பது என்று கையை விரித்தார்கள். சுகாதாரத்துறைக்காரர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்களா என்று கேட்டார். நாற்றத்தில் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றேன். அப்போ பிரச்சினை இல்லையே என்றார்.

ஷாப்பைப் பார்வையிட வேண்டுமென்றால் முன்கூட்டியே தகவல் அனுப்ப வேண்டும் என்பது என் மேலதிகாரி வைத்த வழக்கம். அனுப்பிவிட்டுப் போனேன். முதலாளி டீயும் பிஸ்கட்டும் வரவழைத்து, கிணற்றடிக்கு அவரே கூட்டிப்போனார். தண்ணீர் தெளிவாக இருந்தது. மழைத் தண்ணீர் சார், வேண்டுமானால் குடித்துக் காட்டுகிறேன் என்றார். குடிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அன்று எடுத்த மாதிரியில் குறையொன்றும் இல்லை என்று முடிவு வந்தது.

அதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண்மணி சொன்னது இவ்வளவுதான்: "சொல்லிட்டு வந்தா எவன் சார் ஊத்துவான்?"

கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த நண்பர் ஒருவர் இருந்தார். குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க உதவும் சாயப் பொடி ஒன்று கொடுத்தார். யாருக்கும் கெடுதல் செய்யாது, ஆனால் ஒரு சிட்டிகையே ஒரு தொட்டியைப் பச்சையாக்கிவிடும். அதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் நேராகவே போய், உங்கள் கிணற்றில் கொஞ்சம் நிறம் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தாராளமா போடுங்க சார். அடியில பாறை. எங்கயும் போவாது."

அவர் கண் முன்னாலேயே போட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரமே அந்தப் பெண்மணி ஒரு பித்தளைச் சொம்போடு அலுவலகத்துக்கு வந்து அதை என் மேசையில் வைத்தார். உள்ளே பச்சைத் தண்ணீர். அவரோடேயே பஸ் ஏறிப் போனேன். அவர் கிணறு முழுக்க இலைச்சாறு கரைத்த மாதிரி இருந்தது. பாறை வெடிப்பு வழியாக வந்திருக்கிறது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க வேண்டியிருந்தது, கெட்டுப்போனது அவர் கிணறு அல்லவா.

விவரமாக அறிக்கை எழுதி அனுப்பினேன். ஷாப்புக்கு நோட்டீஸ் போகும் என்று காத்திருந்தேன். எனக்கு மெமோ வந்தது. முதலாளி முந்திக்கொண்டு என் மேல் புகார் கொடுத்திருந்தார். மேலிடத்து அனுமதியின்றி ஒரு கிணற்றில் அந்நியப் பொருளைக் கலந்து, அதன் மூலம் அருகிலிருந்த விவசாயக் கிணற்றை மாசுபடுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். நிலத்தடித் தண்ணீரைக் கெடுத்ததாக எங்கள் அலுவலகம் முதன்முதலில் குற்றம் சாட்டிய ஆள் நான்தான்.

மெமோவை எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனேன்.

"சார், நான் போட்ட சாயம் அங்க போச்சுன்னா, அவர் ஊத்தற கழிவு மட்டும் போகாதா?"

"அது வேற ஃபைல்," என்றார்.

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு ஊர் போயிருப்பேன். அதற்குப் பதிலாக விளக்கம் எழுதினேன். சாயம் போட்டது உண்மை, அது பக்கத்துக் கிணற்றுக்குப் போனதும் உண்மை, இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டு, அந்த விளக்கத்தை வாபஸ் வாங்கிக்கொள், மெமோவை அப்படியே விட்டுவிடலாம் என்றார். மாட்டேன் என்றேன். அதோடு பதவி உயர்வுப் பேச்சும் நின்றது.

மாதங்கள் போயின. அந்தப் பெண்மணியிடம் மெமோவின் நகலைக் கொடுத்தேன். மனுநீதி நாளில் அவர் அதைக் கலெக்டரிடம் நீட்டியபோது நானும் ஓரமாக நின்றிருந்தேன்.

"சாயம் போட்டது இவரு. அத்த ஒத்துக்கிறாரு. அந்தக் கிணத்துல தெனமும் ஊத்தறவங்களை யாரு கேக்கறது?"

கலெக்டர் மெமோவைத் திரும்பவும் ஒருமுறை படித்தார். இந்த அலுவலகமே எழுதியிருக்கிறதே, இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று என் மேலதிகாரியைக் கேட்டார். அவர் விசாரணை நடக்கிறது என்றார். கிணற்றை மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

மூடுவதைப் பார்வையிட என்னையே அனுப்பினார்கள். லாரியில் கல்லும் மண்ணும் வந்து விழ விழ, உள்ளிருந்து மேலே வந்த நாற்றத்தில் ஆட்கள் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டார்கள். முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். எல்லாரும்தானே செய்யறாங்க சார், என் கிணறு மட்டும்தானா கண்ணுல பட்டுது என்று கேட்டார். அது நியாயமான கேள்வி.

இரண்டு மழைக்காலம் கழித்து அந்தப் பெண்மணியின் கிணற்றில் நிறம் தெளிந்தது. உப்பு போகவில்லை. தென்னைகளை வெட்டிவிட்டுக் கேழ்வரகு போட்டார், அது ஓரளவு வந்தது. என் மெமோவை யாரும் ரத்து செய்யவும் இல்லை, மேலே நடத்தவும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பெண்மணி மறுபடி அலுவலகத்துக்கு வந்தார். கூட ஒரு பெரியவர். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவராம்.

"இவுரு கிணத்துலயும் அதே வாசனை சார்," என்றார்.

இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்தில் எந்த ஷாப்பு என்று கேட்டேன்.