பத்து நிமிட இலைகள்

பதினோரு வருடம் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் நின்றவள் நான். வரிசையாக வரும் இரும்புத் தண்டுகளை அளந்து, தேறியதை ஒரு பக்கமும் தேறாததை ஒரு பக்கமும் போடுவது வேலை. அந்த உற்பத்தி லைனை வேறு ஊருக்குக் கொண்டுபோனபோது எங்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். பாகலூர் சாலையில் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர் வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

அதை நடத்தியவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், என்னைவிட இளையவர். நான் மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். கடும் வெயிலை ரோஜாச் செடி எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. முதல் வாரமே என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"செல்லுக்குள்ள என்னென்ன செய்யணும்னு சேதி கொண்டுபோறது ஆர்.என்.ஏ. தான்க்கா. அந்தச் சேதில அங்கங்க சின்னதா ஒரு ரசாயனக் குறி ஒட்டியிருக்கும். எழுத்து மாறாது, குறி மட்டும் ஏறும், இறங்கும். சூடு பட்டுச்சுன்னா, புதுச் சேதி எழுதி முடிக்கிறதுக்கு முன்னாலயே செடி இருக்குற சேதில குறிய மாத்திரும். இத முதல்ல செய், அத அப்புறம் பாத்துக்கலாம்னு. அந்தக் குறியத்தான் நாம அளக்குதோம்."

"அளக்கறது எனக்குப் பழக்கந்தான் மேடம்" என்றேன்.

பழகியும் கொண்டேன். கடும் குளிரான திரவ நைட்ரஜனில் முக்கினால் இலை கண்ணாடிபோல விறைத்து, உள்ளே குறிகள் மாறுவதும் அந்தக் கணமே நின்றுவிடும். பீங்கான் உரலில் அதைப் பொடித்து, அந்தப் பொடியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரிக்க வேண்டும். வெறும் விரல் பட்டாலே அது சிதைந்துபோகும். இரண்டு கையுறை போட்டுக்கொண்டு, மூக்கு அரித்தாலும் தொடாமல் வேலை செய்வேன். எட்டாவது மாதத்தில், நான் பிரித்தது எதுவும் கெட்டுப்போவதில்லை என்று மேடமே வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார்.

ஆனால் முடிவு மட்டும் சரியாக வரவில்லை. சூட்டறையில் வாடிய செடியின் இலையிலும் நிழலில் சுகமாக நின்ற செடியின் இலையிலும் குறிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. மூன்று தடவை செய்தோம். மூன்றும் அப்படியே. பெங்களூரிலிருந்து மேடத்தின் மேலதிகாரி போனில் அழைத்தார். ஸ்பீக்கர் போட்டிருந்தது.

"அரைக்கிறது யாரு? ஃபேக்டரிலேர்ந்து வந்தாங்களே, அந்தம்மாவா?"

மேடம் சட்டென்று ஸ்பீக்கரை அணைத்தார். "அவங்க கையில தப்பில்ல சார்" என்று அவர் சொன்னது மட்டும் கேட்டது. இருந்தாலும் அன்று மதியச் சோற்றைத் திறக்காமல், கழுவிவைத்த உரலையே திரும்ப எடுத்துக் கழுவினேன்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கம்பெனியில் நல்ல தண்டும் கெட்ட தண்டும் ஒரே அளவு காட்டினால், அது மேசைக்கு வந்து சேரும் வழியைத்தான் முதலில் பார்ப்போம். கிரைண்டிங்கிலிருந்து சூடாக வந்ததை ஆறவிடாமல் அளந்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். இங்கேயோ, இலை என் உரலுக்கு வந்து சேரும் வழியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அடுத்த முறை இலை எடுக்கும் நாளில் மேடத்திடம் கேட்டுக்கொண்டு பசுமைக்குடிலுக்குப் போனேன். இரண்டு வகை இலையையும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டும் என்பதால், சூட்டறையில் மேடம் வெட்டிக்கொண்டிருப்பார். நிழல் செடிகளில் வெட்டுவது அங்கே வேலை செய்யும் ஒரு பெண். கத்தரிக்கோலோடு அவள் நிதானமாக வெட்டி, ஒவ்வொரு இலையாகத் தட்டில் அடுக்கினாள். பக்கத்திலேயே நைட்ரஜன் குடுவை வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. அதை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு இலையும் சேர்ந்த பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மொத்தமாக உள்ளே கொட்டிவிட்டு இரண்டடி பின்னால் தாவினாள். போனில் மணி பார்த்தேன். முதல் இலை வெட்டுப்பட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அவள் வீட்டில் தெலுங்கு. தெலுங்கிலேயே கேட்டேன், ஏன் அப்படிச் செய்கிறாய் என்று.

"ஒவ்வொண்ணா போட்டா ஒவ்வொரு வாட்டியும் அந்தப் புகை மூஞ்சில அடிக்குதுக்கா, பயமா இருக்குது. உடனே போடணும்னு சொன்னாங்க. நானும் வெட்டி முடிச்ச உடனே போட்டுடறேனே?"

அவள்மேல் என்ன குற்றம்? அந்தப் புகை என்னவென்று அவளுக்கு யாருமே சொன்னதில்லை. அது வெறும் குளிர்ந்த ஆவிதான், உள்ளே இருக்கும் திரவம் மேலே படாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நான் சொன்னேன். முகத்தை மறைக்கும் என் கண்ணாடிக் கவசத்தைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டேன். பிறகு மேடத்திடம் ஓடினேன்.

கேட்டதும் மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வெட்டுனா இலைக்கு அது காயம்லா! தட்டுல கெடந்து காயவும் செய்யும். அதுவும் அதுக்குக் கஷ்டந்தானே. சுகமா இருக்கிற இலைன்னு நெனச்சு, கஷ்டப்பட்ட இலையையே இத்தன நாளும் அளந்திருக்கோம். நான் ஒரு தடவ அங்க போய்ப் பாத்திருக்கணும்க்கா."

"வாயில சொன்னா பெங்களூர்ல நம்பமாட்டாங்க மேடம். வெட்டின உடனே ஒண்ணு, ரெண்டு நிமிஷம் கழிச்சு ஒண்ணு, அஞ்சுல ஒண்ணு, பத்துல ஒண்ணுன்னு போட்டுப் பாத்துடலாம். குறி மாறிக்கினே போவுதா இல்லியான்னு தெரிஞ்சுடும்."

அப்படியே செய்தோம். அவள் வெட்ட, நான் குடுவையைப் பிடித்துக்கொண்டு நேரம் பார்த்தேன். அத்தனையையும் நானே அரைத்தேன். முடிவு வந்த அன்று மேடம் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். நான்கு நேரத்துக்கும் குறியின் அளவைக் காட்டும் நான்கு பட்டைகள், படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று உயர்ந்து நின்றன. அதன்பிறகு, வெட்டிய கணமே உறைந்த இலைகளை வைத்துப் பழைய சோதனையைத் திரும்பச் செய்தபோது, சூடு பட்ட செடியும் படாத செடியும் தெளிவாகப் பிரிந்து நின்றன.

அந்த மேலதிகாரி ஓசூருக்கே நேரில் வந்தார். "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றார். "பரவால்லைங்க சார்" என்றேன். உண்மையிலேயே எனக்குப் பரவாயில்லை என்று ஆனது அப்போதுதான். எங்கள் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானபோது எழுதியவர்கள் வரிசையில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது. நன்றி சொல்லும் இடத்தில் இலை வெட்டிய பெண்ணின் பெயரும் வர வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அவளிடம் காட்டியபோது எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "போட்டோ போடலியாக்கா?" என்று கேட்டாள்.

போன மாதம் இலை எடுக்கும் முறையைச் சொல்லித்தரப் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு என்னை அழைத்தார்கள். எட்டு ஆராய்ச்சி மாணவர்கள். நீங்கள் எங்கே பிஎச்.டி. செய்தீர்கள் என்று ஒருவர் கன்னடத்தில் கேட்டார்.

"பிஎச்.டி. இல்ல. மெக்கானிக்கல் டிப்ளமா" என்று கன்னடத்திலேயே சொன்னேன். குரல் கொஞ்சமும் தாழவில்லை. அவர் கத்தரிக்கோலை எடுத்தார். வெட்டினார். இலையைத் தட்டில் வைக்கப் போனார்.

"தட்டுல வேணாம்" என்றேன். "நேரா உள்ள போடுங்க."