குடிக்காதவரின் கல்லீரல்

என் அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய் வந்தபோது நெய்வேலியில் யாரும் அவரைத் தப்பாகப் பேசவில்லை. அது கல்லீரலுக்குப் பரவியபோதுதான் மானம் கப்பலேறியது.

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஃபோர்மேன். அதைவிட முக்கியமாக, எங்கள் பங்குக் கோயிலின் சம்பளமில்லாத மதுவிலக்குப் போலீஸ். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், கும்பிட்ட கையோடு எதிரில் நிற்பவரின் முகத்துக்கு மிக அருகே குனிவார். பார்ப்பவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். அவர் மோப்பம் பிடிக்கிறார் என்பது எனக்கும் அம்மாவுக்கும், மாட்டிக்கொண்ட ஆண்களுக்கும் மட்டும் தெரியும். பூசை முடிந்ததும் வாசலில் நிறுத்தி அவர்களுக்குத் தனிப் பிரசங்கம் உண்டு. அதனால் அவர் உட்காரும் பெஞ்சில் வேறு ஆண்கள் உட்காருவதில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகள் அவை. நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், குடலில் தோன்றிக் கல்லீரலுக்குப் பரவும் புற்றில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன, எவை சும்மா கிடக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நோயை என் அப்பாவுக்குக் கொடுத்தது கடவுளின் நகைச்சுவையாக இருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாண்டிச்சேரியில் குடலை வெட்டித் தைத்து அனுப்பியிருந்தார்கள். அடுத்த ஸ்கேனில் கல்லீரல் முழுக்கக் கட்டிகள். இனி வெட்டிப் பயனில்லை என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

அம்மா காய்கறி வண்டிக்காரரிடம் அழுதுகொண்டே "கல்லீரல்" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கத் தீர்ப்பு எழுதிவிட்டது: ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணின மனுஷன் வீட்டுக்குள் ரகசியமாக ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

இன்னும் எத்தனை நாள் என்று அப்பா கேட்கவே இல்லை. "குடிகாரன்னு பேர் வாங்கிகினு நான் சாவ மாட்டேன். நீ படிச்ச படிப்பு இதுக்காச்சும் ஒதவட்டும். எல்லாருக்கும் எடுத்துச் சொல்லு" என்றார்.

முதலில் அவருக்கே எடுத்துச் சொன்னேன். எல்லாச் செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. எது வேலை செய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒன்று குடலாகிறது, இன்னொன்று கல்லீரலாகிறது. உங்கள் கல்லீரலில் இருக்கும் கட்டி கல்லீரலுடையதே அல்ல. அது குடலிலிருந்து கிளம்பி வந்த செல். மதுரைக்காரர் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த மாதிரி. இங்கே பிழைக்க நாலு புது வார்த்தை கற்றுக்கொள்ளும். மற்றபடி பேச்சு ஊர்ப் பேச்சுதான்.

அப்பா யோசித்தார். "அவனுக்கு இங்க அலாட்மென்ட் குடுத்தது யாரு?"

"அதைத்தாம்பா நாங்களும் தேடிக்கிட்டு இருக்கோம்."

"தேடுங்க, தேடுங்க. நான் வூட்ட காலி பண்ணப்புறம் கண்டுபுடிங்க."

எங்கள் வீட்டில் நடந்த அன்பிய ஜெபக் கூட்டத்தில், ஜெபமாலை முடிந்து சுண்டல் வருவதற்குள், இதையே தெருக்காரர்களுக்கும் விளக்கினேன். அப்பா தலையணையில் சாய்ந்தபடி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். அனைவரும் கவனமாகக் கேட்டார்கள். முடிவில் மூன்றாவது வீட்டு அக்கா மிகுந்த பரிவோடு கேட்டார்: "அப்போ குடிச்சதெல்லாம் மொதல்ல கொடலுக்குப் போயி, அங்கேருந்துதான் ஈரலுக்கு ஏறிச்சாம்மா?"

சுண்டலைப் பரிமாறச் சொல்லி அம்மாவுக்கு ஜாடை காட்டினேன்.

மறுநாள் எதிர்வீட்டு ஃபிட்டர் மாமா வந்தார். அப்பாவிடம் அதிகமாக மாட்டியவர் அவர்தான். பல வருஷமாக எங்கள் வாசல் பக்கமே திரும்பாதவர். கம்மாபுரத்து வயல் வரப்பில் பறித்த கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்திருந்தார். கட்டிலருகே உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லி இருக்கக் கூடாதா? எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பீங்க, தனியா குடிச்சிகினு!"

பொறுக்க முடியவில்லை. மரபணுவை மறுபடியும் ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். "நீ போயி மாமாவுக்கு டீ போட்டுகினு வாம்மா" என்றார்.

அதன்பிறகு தினமும் கச்சேரிதான். ஃபிட்டர் மாமா மந்தாரக்குப்பத்திலிருந்து இரண்டு கான்ட்ராக்ட் ஆட்களைக் கூட்டிவந்தார். சாக்கடையில் விழுந்தது, மாமியார் வீட்டில் வேட்டி அவிழ்ந்தது என்று அவரவர் வீரப் பிரதாபங்களை எடுத்துவிட்டார்கள். அப்பா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவருடைய கதையைக் கேட்டால் மட்டும், "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா" என்று வெட்கப்பட்டார். அம்மா அடுப்படியில் பாத்திரங்களை உருட்டினாள்.

நற்கருணை கொடுக்க வந்த பங்குச் சாமியாருக்கு உண்மை தெரியும். "ஞாயித்துக்கிழமை பூசையில நானே அறிவிச்சிடறேன். நீங்க ஒரு சொட்டு தொட்டதில்லன்னு நான் சொன்னா நம்புவாங்க" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அப்பா கேட்டதும் இதைத்தானே.

"வேணாம் சாமி" என்றார் அப்பா.

"என்ன, வேணாமா?" என்று அம்மா கத்தினாள்.

"சொன்னா நாளைக்கு இவனுங்க வரமாட்டானுங்க. இவ்ளோ காலம் நல்லவனா இருந்தேன், வூட்டுக்கு ஒருத்தன் வந்தானா?"

சாமியார் ஞாயிற்றுக்கிழமை எதையும் அறிவிக்கவில்லை.

மழைக்காலம் வருமுன் அப்பா போய்விட்டார். பெட்டியைத் தூக்கியவர்களில் பாதிப் பேர் அவரிடம் மாட்டியவர்கள். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் மண் போட்டுக் கலைந்தபின் ஃபிட்டர் மாமா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. கடைசி வரைக்கும் கேட்டேன், சொல்லவே இல்ல. அவருக்குப் புடிச்சதுல ஒரு மூடி மண்ணுல ஊத்தலாம்னுதான். அப்பா என்ன சரக்கு சாப்புடுவாரு?"

எனக்குத் தெரிந்த அறிவியல் எல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

"பிராந்தி, மாமா."

"தண்ணி கலந்தா?"

"இல்ல மாமா. அப்படியே."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணி ஊத்திக் குடிச்சிருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாரேம்மா!" என்று உடைந்து அழுதார். அதுவரை அழாமல் இருந்த நானும் அவர் தோளில் சாய்ந்து சத்தம்போட்டு அழுதேன்.