றவூபின் கறுப்புக் கண்ணாடி

என் கணவர் றவூபின் வாயில் இல்லை என்ற சொல் வராது. "றவூப் காக்கா, ஒரு உதவி" என்று யாராவது படலையில் நின்றால் போதும், உடுத்த சாரனைத் தவிர மற்றதெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுவார். முப்பது வருடமாக இதற்காகவே நான் அவரோடு சண்டை பிடிக்கிறேன். ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தாறுமூலை ஊர் வரை போய் மீன் விற்கிற மனிதர். விற்று முடிந்து எங்கள் சட்டிக்கு மிஞ்சுவது தலையும் வாலும்தான்.

கட்டாரில் வேலை செய்தபோது வாங்கிய கறுப்புக் கண்ணாடிதான் அவருடைய ஒரே சொகுசு. காலையில் புறப்படும்போது என் முக்காட்டு நுனியை இழுத்து அதைத் துடைத்து மாட்டிக்கொள்வார்.

"ஏன், வீட்டில துவாய் இல்லையா?" என்று சீறுவேன்.

"இதால துடைச்சாத்தான் உலகம் வெளிச்சமாத் தெரியிது புள்ள" என்பார். இந்த வயதிலும் கொஞ்சலுக்குக் குறைச்சல் இல்லை.

எனக்கோ உலகம் புகைமூட்டமாக இருந்தது. வலது கண்ணில் புரை விழுந்து, இடதும் மங்கி, நூல் கோக்க முடியாமல் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டேன். ஒன்பது மாதம் காத்திருந்துதான் ஆபரேஷனுக்குத் திகதி கிடைத்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குள் கண்நோய் புகுந்தது. கண் சிவந்திருந்தால் ஆபரேஷன் இல்லை, மறுபடி காத்திருக்க வேண்டும் என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

கண்நோய்க்காரரின் கண்ணைப் பார்த்தாலே தொற்றிவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் இவருடைய கண்ணாடிக்குத் திடீரென்று மவுசு வந்தது. பக்கத்து வீட்டு சாலிஹ் கண் சிவந்ததும், மற்றவர்களுக்குத் தொற்றக்கூடாதென்று இரவல் வாங்கிப் போட்டார். எதிர்வீட்டு றுமைஸ், கண் நன்றாக இருக்கும்போதே, நோய்க்காரர் வரும் கலியாண வீட்டுக்குப் போக வாங்கினான். பிறகு சலூன்காரர் இளையதம்பி. இப்படி எட்டு வீடு போய், கண்ணாடி ஒருநாள் இரவு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது.

மறுநாள் காலை, பரீட்சை முடிந்து வீட்டில் நின்ற எங்கள் மகள் முப்லிஹாவிடம் இவர் அந்த எட்டுப் பேரையும் பெருமையாகச் சொன்னார். அவள் கம்பஸில் உயிரியல் படிக்கிறவள். கேட்டுக்கொண்டே வந்தவள் தலையில் கையை வைத்துவிட்டாள்.

"வாப்பா! நல்லா இருந்தவங்களுக்கெல்லாம் உங்கட கண்ணாடி போன மறுகாதானே கண் சிவந்திரிக்கி!"

"பார்வையால வாற நோய்க்குக் கண்ணாடி என்ன செய்யும்?"

"பார்வையில ஏறி வராது. இது வைரஸ். வெளிய கிடந்தா ஒரு தூசியப் போலத்தான், தானாப் பெருகாது. கண்ணுக்குள்ள போனாத்தான், நம்மட உடம்பக் கொண்டே தன்னப் போல ஆயிரமாயிரம் செய்விக்கும். அதுக்குக் காலுமில்ல, செட்டையுமில்ல. பீளை பட்ட கை, துவாய், தலகணி, இந்தக் கண்ணாடி... நாமதான் தூக்கித் திரியிற."

இவர் மெதுவாக என் முக்காட்டைப் பார்த்தார். அன்று காலையும் அதில்தான் துடைத்திருந்தார். ஆபரேஷனுக்கு இன்னும் எட்டு நாள்.

"அல்லாஹ்வே, என்ன வேல பார்த்துட்டன்!"

மகள் என் முக்காட்டை உருவி வெந்நீரில் போட்டாள், என் கையைச் சவர்க்காரம் தேய்த்துக் கழுவினாள், கண்ணைத் தொட்டால் அடிப்பேன் என்றாள். இவர் கண்ணாடியைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினார். எட்டு வீட்டுப் படலையிலும் போய் நின்று, "நோயக் கொண்டு வந்தது நான்தான், மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு மீன் பெட்டி வைக்கிற கொட்டிலுக்குக் குடிபோய்விட்டார். நான்காம் நாள் அவர் கண் இரண்டும் செம்பருத்தியாகச் சிவந்தன. நான் ஒவ்வொரு விடியலிலும் முகம் பார்க்கிற கண்ணாடி முன்னால் நின்று என் கண்ணைத் தேடினேன். சிவக்கவில்லை என்றாள் மகள்.

ஆபரேஷனுக்கு மகள்தான் கூட வந்தாள். மறுநாள் கண்கட்டை அவிழ்த்து வீட்டுக்கு வந்து இறங்கினேன். மாமரம் இலை இலையாகத் தெரிந்தது. அதன் கீழே இவர், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சேட்டின் தோளில் தையல் விட்டிருந்தது.

"என்ன கோலம் இது? திரும்புங்க!"

"வேணாம் புள்ள, என்ட கண் இன்னும் சிவப்பு."

"பார்த்தாத் தொத்தாதெண்டு மகள் படிச்சுப் படிச்சுச் சொன்னாளே!"

"அவ சொன்னாச் செரிதான். எண்டாலும் ஒண்ட கண்ணோட நான் விளையாடமாட்டன்."

நான் இன்னும் கத்தினேன். "ஒன்பது மாசம் காத்திருந்தது மாமரத்தப் பார்க்கவா? அங்கயே நிண்டு திரும்புங்க மனுசா!"

தயங்கித் தயங்கித் திரும்பினார். கண் வீங்கி, நீர் வடிந்து, பார்க்கச் சகிக்கவில்லை. தாடி முழுவதும் நரைத்துப் போயிருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது. கிட்டப் போக இன்னும் ஒரு கிழமை ஆகும். படலையிலேயே நின்று ஆசை தீர அவரைப் பார்த்தேன்.