மூங்கில் உருண்டையும் உப்பில்லாக் கஞ்சியும்

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் ஒரு வீட்டு அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இன்னும் அடுப்பே மூட்டலையா?" என்று கேட்டு அசடு வழிந்தேன்.

அடுப்பில் மீன் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது!

என் மேல் தப்பில்லை. புகையே இல்லை ஐயா! எங்கள் வீட்டில் காஸ் தீர்ந்துபோனால், மண்ணெண்ணெய் ஸ்டவ் கிளப்புகிற நெடியில் பக்கத்து போர்ஷன்காரர் வரைக்கும் தும்முவார். இங்கே ஓலைக் கூரைக்குக் கீழே அடுப்பு எரிகிறது... கண் கரிக்கவே இல்லை.

வீடு எதிராஜுடையது. ஏரிக்கு எப்போது போனாலும் அவர் படகில்தான் ஏறுவேன். கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் சொல்வார். மனைவி கன்னியம்மா. இரண்டு வருஷத்துக்கு முன்பு நான் போயிருந்தபோது அந்த அம்மாளுக்குக் கடுமையான இழுப்பு. "வாங்க சார்" என்று சொல்வதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். இனியும் இந்தப் புகையில் உட்கார்ந்தால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று பொன்னேரி டாக்டர் கையை விரித்துவிட்டாராம்.

சமைக்காமல் இருக்க முடியுமா? ரேஷன் மண்ணெண்ணெய் விளக்குக்கே பற்றாது. அக்கம்பக்கத்தில் எரிக்கக் கிடைப்பது வேலிகாத்தான் முள். அதுவும் பாதிப் பச்சை. எரியாது, புகையும்.

இந்தத் தடவை அடுப்படியைப் பார்த்துவிட்டு வந்து படகில் ஏறியதும் முதல் கேள்வியே அதுதான். "என்ன எதிராஜ், வீட்டுக்கு காஸ் வந்துடுச்சா?"

"காஸா? நீங்க வேற சார்! எல்லாம் நம்ம பொழக்கடை மூங்கிலு."

கல்யாணமான வருஷம், படகுக் கழிக்கு ஆகும் என்று நட்டாராம். குளிக்கிற தண்ணீர் பாய்ந்து பெரிய புதராகிவிட்டது. வெட்ட வெட்ட முளைக்கிறது. அதையே எரித்தால் என்ன என்று ஒரு நாள் வெட்டிக்கொண்டு போயிருக்கிறார். வாசலிலேயே மறித்துவிட்டார் கன்னியம்மா.

"'பாடை கட்டற மரத்த அடுப்புல வெக்கிறியா? நான் செத்தா கட்டு. அதுவரிக்கும் வூட்டுக்குள்ள எடுத்தாராத'ன்னுட்டா சார்."

தப்பென்று சொல்ல முடியுமா? நம்மில் எத்தனை பேர் வீட்டில் மூங்கிலை அடுப்பில் வைக்கச் சம்மதிப்பார்கள்?

மனுஷன் விடவில்லை. பொன்னேரி டீக்கடையில் கரித்தூளை உருண்டை பிடித்து எரிக்கிறார்கள் — புகை கிடையாது. அதைப் பார்த்து வைத்திருந்தார். கரையில் படகு மறைவில் குழி தோண்டி, மூங்கிலை அடுக்கி, மண்ணைப் போட்டு மூடி, உள்ளுக்குள்ளேயே வேகவிட்டுக் கரியாக்கினார். இடித்துத் தூளாக்கி, களிமண் சேர்த்து உருட்டி, கருவாடு காய்கிற பாயில் காயப் போட்டார். மனைவியிடம் சொன்னது — "பொன்னேரியில வாங்கினேன்." வெட்டின மூங்கில்? "கருவாட்டுப் பந்தலுக்கு."

ஆனால் ஒரு கோளாறு. அந்த ஊரில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவருவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அதைப் போய் யாராவது கரியில் ஊற்றுவார்களா? உப்புக் கரிக்கிற ஏரித் தண்ணீரை மொண்டு ஊற்றிப் பிசைந்துவிட்டார்! பகல் வெயிலில் காய்ந்த மாதிரிதான் இருக்கும். சாயங்காலக் காற்று பட்டதும் உப்பு ஈரத்தை இழுத்து உருண்டை நசநசத்துப் போகும். அடுப்பில் வைத்தால் முள்ளே தேவலை என்கிற அளவுக்குப் புகை. கன்னியம்மாவுக்கு இழுப்பு இன்னும் அதிகமாகிவிட்டது.

"பயந்துட்டேன் சார். நம்ம கையாலயே கொன்னுடுவோமோன்னு..."

கழி அப்படியே நின்றுவிட்டது. படகு தன் பாட்டுக்கு மிதந்தது.

"அப்புறம்?"

"அப்பறம் சாமி கண்ணத் தொறந்துச்சு சார்! பகலுக்கு அவ கரைக்குச் சோறு எடுத்தாந்தா. தனியா ஒரு சட்டியில கஞ்சி. வாயில வெக்கிறேன், உப்பே இல்ல! இத்த இன்னா பண்றது? தூக்கிக் கரியில ஊத்திப் பிசைஞ்சிட்டேன். அவ்ளோதான்... கல்லு மாதிரி புடிச்சிக்கிச்சு! மறுநாளும் உப்பு மறந்துட்டா. இப்ப தெனமும் மறக்கறா. வயசாவுதில்ல? நானும் ஒண்ணும் கேக்கறதில்ல. மூங்கிலு சமாச்சாரம் மட்டும் தெரிஞ்சுது, அடுப்பையே ஒடைச்சிடுவா. சொல்லிடாதீங்க சார்."

கரைக்கு வந்தோம். எதிராஜ் படகைக் கட்டுவதற்கு நின்றுவிட்டார். நான் மட்டும் முன்னால் போய் இலையில் உட்கார்ந்தேன். வாய் சும்மா இருக்குமா எனக்கு?

"என்ன கன்னியம்மா, கஞ்சிக்கு உப்புப் போட தினமும் மறந்துடுறீங்களாமே?"

வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டு சிரித்தார். நடுவில் இருமல் வராத முழுச் சிரிப்பு. சாப்பாட்டை விட அதில்தான் எனக்கு வயிறு நிறைந்தது.

"மறக்கறதா? உப்புப் போட்டா குடிச்சிடுவாரு சார்!"

பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"ஏரித் தண்ணி ஊத்தினா எங்க காயும்? உப்புக் கண்ட கருவாடே மழைக்காலத்துல நசநசன்னு ஆவுது. கஞ்சி போட்டா வேட்டியே மொடமொடன்னு நிக்குதே, கரி நிக்காதா?"

"அப்போ... மூங்கில்னு தெரியுமா?"

"பொதரு கொறைஞ்சிக்கினே வருது, பந்தலு அப்பிடியேதான் கீது. எனக்குக் கண்ணு இல்லியா?" குரல் தழைந்தது. "பாடை மரந்தான் சார். மனசு ஒப்பலதான். ஆனா எனக்கு மூச்சு வரணும்னு அந்த மனுசன் மூஞ்சியெல்லாம் கரியப் பூசிக்கினு வந்து, 'பொன்னேரியில வாங்கினேன்'னு நிக்கறாரு. அந்த மூஞ்சப் பாத்துக்கினு எப்பிடி சார் வேணாங்கிறது? அவரண்ட சொல்லிடாதீங்க. பாவம், சங்கடப்படுவாரு."

பெட்ரோல் விலை ஏறினதிலிருந்து 'மாற்று எரிபொருள்' என்று பட்டணத்தில் கூட்டம் மேல் கூட்டம். எதை நடலாம், எப்போது வெட்டலாம், எத்தனை நாள் எரியும்... எல்லாம் பேசுகிறோம். நட்ட இடத்திலிருந்து அடுப்பு வரைக்கும் அது வந்துசேருவதற்கு ஒரு புருஷன் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒரு பெண்டாட்டி ஏமாந்த மாதிரி நடிக்க வேண்டியிருக்கிறது. இதை எந்த மேடையில் போய்ச் சொல்வது?

இரண்டு பேரிடமும் தலையாட்டிவிட்டு வந்தவன்தான் நான். ரகசியம் தாங்காமல் வயிறு உப்பிப்போய் இங்கே கொட்டிவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அப்படியும் அந்தக் கரையில் யாராவது இதை உரக்கப் படித்துவிட்டால் — எதிராஜ், கன்னியம்மா, இரண்டு பேரும் எதுவும் தெரியாத மாதிரியே இருந்துவிடுங்கள்.

உங்களுக்கா சொல்லித்தர வேண்டும்!